சம்பந்தியின் ஊர்ப்பெயர்

என் சம்பந்தியின் குடும்பப் பெயரை இங்கே எழுத முடியாது. எழுதினால் அடுத்த நிமிடமே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பெயரோடு இந்த நாட்டில் இருப்பவர்கள் அவ்வளவு குறைவு. எல்லோரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றலாம், அப்போதும் பின் சீட்டு காலியாக இருக்கும் என்று அவரே சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையும் பெருமையும் சேர்ந்தே தெரியும். கவலை எனக்கு விளங்கும். குறைந்துபோனதில் என்ன பெருமை என்பதுதான் விளங்காது. ஆனாலும் மூன்று வருடமாக அந்தப் பெயரைச் சுமந்து திரிகிறவன் நான்தான்.

அது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர். ஊரும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, அந்தப் பெயருள்ள ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. இதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முதலில் எங்கள் வீட்டுப் பெயர் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், இருப்பது தெற்கு லண்டனில், நோர்பரியில். நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் செய்தது போல அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து இங்கே நான் என் அப்பா. டொக்டரிடம் போனால் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பிளேனையே கிட்டப் பார்த்திராத மனிதரை நோர்பரி கிளினிக்கில் கூப்பிடுகிறார்களே என்று முதல் இரண்டு மூன்று தடவை எழும்பாமல் இருந்திருக்கிறேன். பிறகு மனைவி வந்தாள். அவளுக்குக் குடும்பப் பெயர் கணவனின் பெயர், அதாவது என் சொந்தப் பெயர். மகள் பிறந்தாள். அவளுக்கும் தகப்பன் பெயர், அதாவது என் சொந்தப் பெயர். ஆக வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் ஒரே பெயர், எனக்கு மட்டும் வேறு. விமான நிலையங்களில் என்னைத் தனியாக நிறுத்தி, இந்தப் பெண்பிள்ளை உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

எரிச்சல்தான். ஆனால் முறை அதுதான். பிள்ளைக்குத் தகப்பன் பெயர். அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு அதன் தகப்பன் பெயர். ஒரு தலைமுறை நின்றுவிட்டுப் பெயர் போய்விடும். என் தாத்தாவின் பெயர் எங்கள் யாரிடமும் இல்லை. அதற்காக யாரும் மூக்கைச் சிந்தியதும் இல்லை.

மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோது வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலமெல்லாம் எங்கள் தெருவில் முடிந்துவிட்டது. மனைவி இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பெடியன் எந்த ஊர் எண்டு விசாரிச்சனீங்களோ?" என்றாள்.

"குறொய்டன்."

"அது இருக்கிற இடம். நான் கேட்டது ஊர்."

அவள் கேட்டதில் பிழை இல்லை. எங்களில் ஒரு சம்பந்தம் பேசினால் முதலில் ஊருக்குத்தான் ஆள் போகும். பெடியனைப் பற்றிப் பெடியனிடமா கேட்பது? அந்த ஊரில் கடைக்காரனிடம், கோயிலடியில், தூரத்துச் சொந்தம் யாரிடமாவது மெல்லப் பேச்சுக் கொடுத்து, தகப்பன் எப்படி, தாய்வழி எப்படி, குடி கிடி உண்டா என்று விசாரித்துவிட்டு வருவார்கள். லண்டனிலும் நடக்கிறது. இல்ஃபோர்ட்டில் இருக்கிற பெடியனைப் பற்றி அறிய யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மகளிடம் கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே பெடியனிடமே கேட்டேன். அவன் சிரித்தான். தன் குடும்பப் பெயரே ஓர் ஊரின் பெயர்தான், மிச்சத்தை அப்பாவிடம் கேளுங்கள், ஆனால் ஆற அமர நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்றான். பின்பாதியை நான் கவனிக்கவில்லை. ஊரின் பெயரையே பெயராக வைத்திருக்கிற குடும்பம் என்பதுதான் என் காதில் விழுந்தது. பெரிய இடமாக இருக்க வேண்டும், அங்கே வீடு வளவு இருக்கும், கேட்டால் சொல்ல ஆட்கள் இருப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டினேன்.

தகப்பனுக்கு ரெலிபோன் எடுத்தேன். மனைவியை இழந்து குறொய்டனில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறவர். உங்கள் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். "உண்மையாகவா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏதோ மறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அவருடைய வாழ்க்கையில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட முதல் மனிதன் நான். அவர் மனைவி கேட்டதில்லை. மகன் கேட்டதே இல்லை.

ஒரு சனிக்கிழமை என் காரிலேயே போனோம். பாடம் நடத்துகிற கார் அது. பழக்குகிறவர் இருக்கும் இடப் பக்கச் சீட்டின் கீழும் பிரேக் உண்டு. அதில் ஏறி இருந்த அவரிடம், காலை அங்கே வைக்க வேண்டாம் என்று நோர்பரியிலேயே சொல்லிவிட்டேன். சரி சரி என்றார். ஆனால் அந்த மனிதர் கதை சொல்லத் தொடங்கினால் கால் சும்மா இருக்காது. முன்னொரு காலத்தில் அரசனுடைய ஆட்கள் வரிக்காகக் குடும்பப் பெயர் எழுதிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், சுவாரசியமான இடத்தில் காலை நீட்டி அழுத்தினார். கார் நடு வீதியில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் கையைக் காட்டித் திட்டினான். இருபது வருடத்துக்கு மேலாகப் பழக்குகிறேன், ஒரு மாணவனும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

அதைவிடப் பெரிய குலுக்கல் பிறகு வந்தது. சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "தவறாக நினைக்கக் கூடாது. உங்கள் மகளுடைய அப்பா உயிரோடு இருக்கிறாரா? கல்யாணத்துக்கு அவரையும் அழைக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காரை ஓரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. மகளுக்கும் என் மனைவிக்கும் ஒரே குடும்பப் பெயர், எனக்கு வேறு. ஆகவே என் மனைவிக்கு அந்தப் பெயரில் முதலில் ஒரு கணவர் இருந்திருக்கிறார், மகள் அவருடைய பிள்ளை, நான் பிறகு வந்தவன் என்று மாதக்கணக்காக நம்பியிருக்கிறார். அதுவரை ஏன் என்னிடம் அத்தனை பவ்வியமாக நடந்துகொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு வெளித்தது. அந்த முதல் கணவரும் நான்தான் என்று விளக்குவதற்குள் எனக்குத் தலை வெடித்தது. விளங்கியபின் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "யாரும் கவலைப்படுவதில்லையா?" இல்லை என்றேன். மறுபடி கார் வெளிக்கிட்டபின் யன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் வந்தது. ஊர் என்று சொல்லவும் வாய் கூசுகிறது. பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு தேவாலயம், ஒரு தபால் பெட்டி, சுற்றிவர வயல். கடை இல்லை. விசாரிப்பதற்குக் கடையாவது வேண்டாமா? ஊர் எல்லையில் பெயர்ப் பலகை நின்றது. அதன் பக்கத்தில் போய் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன். அவர் பெயர்தான் பலகையிலும் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பலகைக்கு அவரைத் தெரிந்திருக்கவில்லை.

தேவாலயத்துக் கல்லறைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். அவருடைய பெயர் ஒன்றிலும் இல்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பெண்ணை மறித்து, இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா, எப்படிப்பட்டவர்கள் என்று மெல்ல விசாரித்தேன். அவள் சிரித்தாள். எங்கள் ஊரின் பெயரை யாராவது பெயராக வைத்திருப்பார்களா, வேடிக்கையாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மணித்தியாலம் ஓட்டி வந்திருக்கிறேன், சனிக்கிழமைப் பாடங்களை எல்லாம் தள்ளிப்போட்டிருக்கிறேன். அவரிடம் போய், "இங்கே உங்கள் ஆட்கள் ஒருவரும் இருந்ததில்லையே" என்றேன்.

"இருந்திருக்க முடியாது" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "இந்த ஊரில் இருக்கும்வரை யாரும் யாரையும் ஊரின் பெயரால் கூப்பிட மாட்டார்கள். எல்லோரும் இதே ஊர்தானே? ஒருவன் வெளிக்கிட்டு வேறு இடம் போகிறான். அங்கே இருப்பவர்கள், அதோ அந்த ஊர்க்காரன் என்கிறார்கள். அப்படித்தான் இந்தப் பெயர் வந்தது. இந்தப் பெயர் இருக்கிறது என்றால் ஊரை விட்டுப் போனவன் என்று அர்த்தம். சின்ன ஊர். போனவர்களும் கொஞ்சப் பேர். அவர்களுக்குப் பெண்பிள்ளைகள் அதிகம். அதனால்தான் இன்று நாங்கள் இவ்வளவுதான்."

யாழ்ப்பாணத்தில் என்னை ஊர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை, இன்னாருடைய மகன், அவ்வளவுதான். லண்டனில்தான் நான் ஊர்க்காரன் ஆனேன். கோயிலில், கல்யாண மண்டபத்தில், பழைய மாணவர் கூட்டத்தில், என் பெயர் தெரியாதவனுக்கும் என் ஊர் தெரியும். இந்தக் கிழவர் சொல்வது அப்படியே என் கதை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எரிச்சல் இன்னும் கூடியது. இதைக் குறொய்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்தே சொல்லியிருக்கலாமே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், அங்கே அவர்களை ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

"ஆரும் கூடாத ஆக்கள் எண்டு சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப நல்லது" என்றாள். விசாரணை முடிந்தது. கல்யாணமும் நடந்தது.

ஆனால் என் பாடு முடியவில்லை. பெண்ணின் தகப்பன் என்ற கடமைக்காக நான் அந்த ஊருக்குப் போனேன் என்பதை அவர் இன்றுவரை அறியார். தன்னைப் போலவே பெயர்ப் பைத்தியம் பிடித்த ஒருவன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் வரும். வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் அந்தப் பெயரோடு ஒரு கிழவி இருக்கிறாளாம், பேசப் போனால் அது அவள் கணவனுடைய பெயராம், அவள் பிறந்த பெயர் வேறாம். அவுஸ்திரேலியாவில் ஒரு குடும்பம் இருக்கிறதாம், எழுதினால் பதில் போடுவதில்லையாம். எங்கோ ஒரு பல் டொக்டர் இருந்தாராம், அவரும் போய்விட்டாராம். நான் ம் கொட்டிக்கொண்டு கறிக்கு வெங்காயம் உரிப்பேன். போனை வைக்கும் நேரத்தில் தவறாமல் ஒன்று சொல்வார்: "பார்ப்போம், இனிப் பிள்ளைகளின் கையில்தான்."

அவருக்கு ஒரே மகன். இந்த நாட்டில் அந்தப் பெயரோடு இனிப் பிள்ளை பெறக்கூடிய கடைசி ஆண் என் மருமகன்தான். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்து அந்தப் பெயரை எடுத்தால் பெயர் இன்னும் ஒரு தலைமுறை நிற்கும். இல்லாவிட்டால் இந்த மனிதர்களோடு சரி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் பேரன் பிறந்தான். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள், மனைவி விடவில்லை. சம்பந்தி பஸ் பிடித்து வந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டிலின் மேல் குனிந்து, பேரனுடைய பெயரையும் அதோடு தன் குடும்பப் பெயரையும் சேர்த்து முழுதாக ஒரு தரம் சொன்னார். சபையில் யாரையோ அறிமுகம் செய்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னார். மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் கண்டேன்.

அவர் போனபின் சமையலறையில் மகளைப் பிடித்தேன்.

"என்ன பார்வை அது?"

"அப்பா, ப்ளீஸ். நாங்கள் டிசைட் பண்ணிட்டம். பிள்ளைக்கு என்ர பெயர்."

அவளுடைய பெயர் என்றால் என் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதை மாற்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு முகமெல்லாம் பல். எனக்கோ கோபம் உச்சியில் ஏறியது.

"உனக்கு விசரே? உது எங்கட முறையும் இல்லை, அவையின்ர முறையும் இல்லை. பிள்ளைக்குத் தேப்பன்ர பெயர்தான் வர வேணும். என்ர பெயர் உனக்கு. அது உன்னோட முடியுது. உன்ர பிள்ளைக்கு ஏன் நான்?"

"ஏன் முடிய வேணும்? எனக்கு உங்கட பெயர் பிடிக்கும்."

"பிடிச்சா வச்சிரு. அந்த மனுசனுக்கு ஒரே பேரன். அவற்ற பெயரைக் குடு. உனக்கு என்ன குறையப் போகுது?"

"பிள்ளையைச் சுமந்தது நான், அப்பா."

மருமகனிடம் திரும்பினேன். அவன் அதுவரை பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டு நின்றான். அமைதியான பெடியன், எனக்கு அவனில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாமே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் பெயர் ஒன்றே எந்தப் பத்திரத்திலும் கட்டத்தை மீறிப் போகும், இரண்டையும் சேர்த்தால் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதி முடியும்போது மணி அடித்துவிடும் என்று மகள் குறுக்கிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து எதிரே இருந்தான்.

"மாமா," என்றான். அந்த ஒரு சொல்லைத் தமிழில்தான் சொல்வான். "எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பா எனக்குச் சொன்னது ஒன்றுதான். நீதான் கடைசி ஆள், மறந்துவிடாதே. பிறந்தநாளுக்கும் சொன்னார். பள்ளியில் பரிசு வாங்கினாலும் சொன்னார். சைக்கிளில் விழுந்து கையை உடைத்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தும் சொன்னார். நான் அவருடைய மகனா, அந்தப் பெயருக்கு ஒரு பெட்டியா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இவன் அதைக் கேட்டு வளரக் கூடாது."

அவன் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அநியாயத்தோடு சண்டை பிடிக்கலாம். ஒவ்வொருவராக வந்து நியாயம் சொன்னால் என்ன செய்வது? மகள் சொல்வதும் நியாயம், மருமகன் சொல்வதும் நியாயம், அந்தக் கிழவர் ஆசைப்படுவதும் நியாயம். நான் மட்டும் நடுவில் நின்று கத்துகிறேன்.

கடைசியில் ஒன்றை மட்டும் என்னால் பிடுங்க முடிந்தது. அந்த ஊர்ப்பெயரை நடுப்பெயராக வைக்கலாம் என்று அரைமனதோடு சம்மதித்தார்கள். அதையும் சொல்லிவிட்டு மகள் என் தலையில் அடுத்த கல்லைப் போட்டாள்.

"நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ அப்பா. உங்களோடதானே அவர் குளோஸ்."

"நான் ஏன் சொல்ல வேணும்? நீங்கள் செய்யிற வேலைக்கு நானோ தூது?"

"இவர் சொன்னால் சண்டை வரும். நீங்கள் சொன்னால் கேப்பார்."

மனைவியைப் பார்த்தேன். "போயிட்டு வாங்கோவன், பாவம் அந்தாள்" என்றாள். பாவம் என்று அவளுக்குத் தெரிகிறது, ஆனால் பேரனுக்கு வரப்போகிற பெயரை நினைத்த சந்தோஷமும் குறையவில்லை. உமக்கென்ன, நீர் இருந்து சிரியும் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

குறொய்டனுக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். மகளைத் திட்டினேன், மருமகனைத் திட்டினேன், அந்த அரசனையும் அவனுடைய வரிக்காரர்களையும் திட்டினேன். சம்பந்தி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே தேத்தண்ணி போடப் போய்விட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் போகப் போகிறது, அதன் இடத்தில் என் பெயர் வரப் போகிறது, நான் கேட்டு வரவில்லை, வேண்டாம் என்று கத்தினேன், யாரும் கேட்கவில்லை. பிறகு நடுப்பெயரைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கோப்பைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. துடைத்தார்.

"நடுப்பெயர் வேண்டாம்" என்றார். "நடுப்பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அது பாஸ்போட்டுக்குள்ளேயே கிடக்கும். பையனுக்கு வீண் பாரம்."

"நீங்கள் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். இன்னும் பதியவில்லை. மகன்தானே, கேட்பான்."

"அவனுக்கு வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன்" என்றார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் கூடிப்போய்விட்டது போல" என்றார்.

நான் நாற்காலியில் இருந்தேன். ஏதாவது கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ஏசுவதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்களுடைய பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். மூன்று வருடமும் அவர் என்னை மிஸ்டர் போட்டு என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டிருக்கிறார். "பேரனுடைய பெயர் எனக்குச் சரியாக வர வேண்டும். யாராவது கேட்டால் நான் தடுமாறக் கூடாது" என்றார்.

சொன்னேன். நீளமான பெயர். அவர் பாதியில் விழுந்தார். மறுபடி சொன்னேன். இம்முறை கடைசிப் பகுதி வழுக்கியது. விட்டிருக்கலாம், ஆனால் என் தொழில் அப்படி, பிழையைக் கண்டால் வாய் தன்பாட்டில் திருத்தும். அவரும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் விரலால் தட்டித் தட்டி, அந்தப் பெயரைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். கடைசியில் முழுதாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். எங்கள் ஆட்களே அவ்வளவு கவனமாக அதைச் சொன்னதில்லை. போதும் என்றேன். வந்ததை விட்டுவிடக் கூடாது என்று அவர் இன்னொரு தரம் சொன்னார்.

வாசல்வரை வந்தார். "உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். எங்களுக்குப் பெயர் நிற்பதும் போவதும் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "இதுவரை இல்லை" என்றார்.

காரில் ஏறினேன். அந்தச் சொல் என்னோடு ஏறிக்கொண்டது. வீதி நெரிசலாக இருந்தது, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று நின்றுதான் வந்தேன். தோர்ன்டன் ஹீத் தாண்டும்போது ஒரு நினைப்பு வந்தது. இந்த எழுத்துக்களோடு இந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கிறவர்கள் லண்டனில் வேறு எத்தனை பேர் இருப்பார்கள்? பிளேஸ்டோவில் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்ன ஞாபகம். அவருக்குப் பிள்ளைகள் உண்டா? அவர்கள் எங்கள் முறைப்படி அதை விட்டிருப்பார்களா? பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். விளக்குப் பச்சையாகி எவ்வளவு நேரமோ தெரியாது. என் மீதே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. பேரனுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அவனுக்கு ஆண்பிள்ளை பிறக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.